பின்பாதி சொல்கிறவர்

வீடு பார்க்கப் போன அன்று அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், நான் இந்தப் பக்கம். நாமக்கல்லில் பரமத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு. மாடிச் சுவரில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்ப்பதையும் பார்த்தார். யாரம்மா, என்ன வேண்டும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மனிதருக்குக் காது கேட்காதோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "வீடு வாடகைக்கு இருக்குங்களா?"

"இருக்குதுங்க."

"பார்க்கலாங்களா?"

"பார்க்கலாங்க."

"சாவி யார்கிட்ட இருக்குதுங்க?"

"எங்கிட்டத்தானுங்க."

அவ்வளவுதான். சாவியை எடுக்கவும் இல்லை, கேட்டைத் திறக்கவும் இல்லை. நான் அடுத்த கேள்வியைக் கேட்டால் அதற்கும் பதில் சொல்லத் தயாராக, முகத்தில் நல்ல மரியாதையோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல வேளையாக உள்ளேயிருந்து அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, அந்தப் புள்ளைய வெயில்ல நிக்க வெச்சிட்டு என்ன பண்ணறீங்க? கேட்டைத் தொறந்து உடுங்க. வா அம்மிணி, உள்ள வா. எந்த ஊரு? எங்க வேலை? ஊட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கணவர் கேட்காமல் விட்ட கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு முடித்தார்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. வங்கி வேலையில் மாற்றலாகி நாமக்கல்லுக்கு வந்திருந்தேன். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். என் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "நம்மாளுங்களா?" என்றார். கூடத்துச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படமும் அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கும் இருந்ததை நானும் பார்த்துவிட்டிருந்தேன். அந்தத் தெருவில் கத்தோலிக்கர்கள் அவர்கள் மட்டும்தான். நான் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று கோயிலுக்குப் போகிற ரகம் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா, அந்த அம்மாள் அத்தை.

மாமா தானாக எதையும் ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. கேட்டால் சொல்வார், கூப்பிட்டால் வருவார், போட்டால் சாப்பிடுவார். ஊமைச்சாமி என்று நினைத்துவிடக் கூடாது, கேள்வி கேட்டால் அழகாகவே பேசுவார். ஆனால் முதல் வார்த்தை அடுத்தவருடையதாக இருக்க வேண்டும்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் வயரிங் வேலை பார்த்தவர். அங்கே நடந்ததாக அத்தை ஒரு கதை சொல்வார். பட்டறைக்குள் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று இவருடைய சைக்கிள் மேல் ஏறி நின்றுவிட்டது. இவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். ஓட்டுநர் இறங்கி, டீ குடித்து, முதலாளியோடு பேசி, பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இது யாருதுங்க சைக்கிளு?" என்று கேட்டிருக்கிறார். "என்னுதுங்க" என்றாராம். அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் கதையைக் கேட்பதுபோல் ரசித்துச் சிரிப்பார். "ஏன் மாமா, அப்பவே ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "அதுக்குள்ள ஏறிருச்சுங்களே" என்றார்.

பெண் பார்க்கப் போன கதை இன்னும் நன்றாக இருக்கும். காப்பி கொடுத்தாயிற்று, பெரியவர்கள் பேசி முடித்தாயிற்று. இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பின்கட்டில் விட்டிருக்கிறார்கள். "பேசுவாரு பேசுவாருன்னு நானும் தலையக் குனிஞ்சுட்டே நிக்கறேன் அம்மிணி. கழுத்து வலிச்சுப்போச்சு. அப்புறம் நானே கேட்டேன், என்னைப் புடிச்சிருக்குங்களான்னு. புடிச்சிருக்குதுங்கன்னாரு. நான் கேக்காம இருந்திருந்தா இன்னும் அங்கயேதான் நின்னுட்டிருப்போம்." மாமா அதற்கும் சிரித்தார்.

கோயிலில் மட்டும் அவர் வேறு ஆள். அத்தையின் பிடுங்கல் தாங்காமல் நானும் சில ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பூசைக்குப் போனேன். பூசையில் குருவானவர் ஆரம்பிப்பார், மக்கள் பதில் சொல்வார்கள். அதுதான் முறை. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று பீடத்திலிருந்து குரல் வந்ததும் எனக்கு இரண்டு வரிசை முன்னாலிருந்து, "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று மாமாவின் குரல் தூண்களில் மோதித் திரும்பும். முதல் தடவை யாரோ புதிதாக வந்த பெரிய மனிதர் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். வாழ்க்கை முழுவதும் இப்படியே ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல நடந்தால் மாமாவைப்போல் சந்தோஷமான ஆள் நாமக்கல்லில் இருக்க முடியாது.

வீட்டில் அந்த ஏற்பாட்டைச் சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தை செய்து கொடுத்தார். செபமாலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கையிலுள்ள மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும் முன்பாதியை ஒருவர் சொல்ல, மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற பின்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். தனியாகச் சொல்கிறவர்கள் இரண்டையும் தாங்களே சேர்த்துச் சொல்லிக்கொள்வார்கள். இந்த வீட்டில் முன்பாதி எப்போதும் அத்தையுடையது, பின்பாதி எப்போதும் மாமாவுடையது. மாமா தன் பாதியை அவர் அம்மா சொல்லித்தந்த பழைய தமிழில், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றுதான் தொடங்குவார்.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர்கள் கூடத்து ஜன்னல். இரண்டு வருடம் அந்தச் செபமாலையைக் கேட்டுக்கொண்டுதான் நான் சப்பாத்தி உருட்டினேன். அத்தை செபம் சொல்லும் அழகை எழுத்தில் கொண்டுவர முடியாது. விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார், பாதி வார்த்தையை விழுங்குவார், நடுவில் வீட்டு வேலையும் நடக்கும். "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே, ஏனுங்க பாலு பொங்குது பாருங்க, பெண்களுக்குள்" என்று போகும். மாமா எழுந்து போய் அடுப்பை அணைத்துக்கொண்டே அங்கிருந்தே தன் பாதியைச் சொல்வார். ஒருநாள் பதில் வரவில்லை. "தூங்கிட்டீங்களா?" என்று அத்தை அதட்டினார். "இல்லீங்க" என்று தூக்கக் கலக்கத்தில் மாமா மனைவிக்கே மரியாதை போட்டார். நான் மேலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வார நாட்களில் என் வீட்டில் பேச்சு என்பதே கிடையாது என்பதால் கீழே நடப்பது எனக்கும் சேர்த்து நடப்பதாகவே இருந்தது.

அத்தை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தவர், தலையைச் சுற்றுகிறது என்று படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் வரைக்கும் மாமா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை வயது, சர்க்கரை இருந்ததா, முன்னால் நெஞ்சுவலி வந்திருக்கிறதா, மகள் எப்போது வருகிறாள். எல்லாவற்றுக்கும் நிதானமாக, ஒரு பிசகும் இல்லாமல் பதில். சாப்பிட்டீர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, அவரும் சாப்பிடவில்லை. மாலையில்தான் எனக்கு உறைத்தது. காப்பி போட்டுக்கொண்டு போய், "காப்பி குடிக்கிறீங்களா மாமா?" என்றேன். "குடிக்கிறேனுங்க" என்று வாங்கி மூச்சு விடாமல் குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் அயர்லாந்தில் நர்ஸ். முப்பதாம் நாள் பூசை முடியும்வரை இருந்தாள். "எங்கூட வர்றீங்களாப்பா?" என்று கேட்டாள். "வாரேன் சாமி" என்றார். அவளும் நம்பித்தான் போனாள். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு ஓர் அடி எடுத்துவைக்க வேண்டுமே, அதை ஆரம்பிக்க ஆளில்லை. போகும்போது அவள் அப்பாவுக்குப் புதிதாக ஒரு போன் வாங்கிக் கொடுத்து, அதில் செபமாலை ஓடும்படி செய்துவிட்டுப் போனாள். தொட்டால் போதும், பெண் குரல் ஒன்று முன்பாதியைச் சொல்லும், ஒரு கூட்டம் பின்பாதியைச் சொல்லும். இரண்டு நாள் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் இல்லை.

"போன் கெட்டுப்போச்சுங்களா மாமா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் ஏன் போடறதில்லை?"

"அது நிக்க மாட்டேங்குதுங்க. நான் சொல்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிருது."

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் நான் சப்பாத்தி மாவில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கீழேயிருந்து, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மாமாவின் குரல் வந்தது. தன் பாதியைச் சொல்லி முடித்தார். பிறகு சத்தமில்லை. சரி, அவ்வளவுதான்போல என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே பின்பாதி. மறுபடியும் சத்தமில்லை. மறுபடியும் பின்பாதி. மகளோடு போனில் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். படியிறங்கி எட்டிப் பார்த்தால் போன் மேசைமேல் கிடந்தது. மாமா எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் அத்தையின் நாற்காலி.

மூன்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். எதையும் மனதில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. மோட்டார் போட இறங்கினபோது கேட்டேவிட்டேன்.

"மாமா, செபமாலையில ஏன் விட்டு விட்டுச் சொல்றீங்க?"

"உடறதில்லீங்களே."

"விடறீங்க. நான் மேல இருந்து கேக்கறேன்ல?"

"அது அவ பங்குங்க."

"அத்தை சொல்றது உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றேன் மெதுவாக.

மாமா சிரித்தார். "எப்படீங்க கேக்கும்? செத்துப்போயிட்டாளே. அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. எங்க மூச்சு வாங்குவா, எங்க அடுப்பப் பாக்கப் போவான்னு தெரியும். அத்தன நேரத்த உட்டுட்டு என்னுதச் சொல்றேன். அப்படிச் சொன்னா அவ இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

அன்றிலிருந்து அந்த நேரம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. சில இடைவெளி சின்னதாக இருக்கும், அத்தை ஓடுகிறார். திடீரென்று ஒன்று நீளும், அத்தை சமையலறைக்குப் போயிருக்கிறார். ஒருநாள் ஒன்று மிகவும் நீண்டுபோய், கடைசியில், "இல்லீங்க, முழிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று மாமா சொல்லிவிட்டுப் பின்பாதிக்கு வந்தார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்த வீட்டில் அத்தைக்கு மிச்சமிருந்த இடம் அந்த இடைவெளிகள் மட்டும்தான். அது போய்விட்டால் மாமா நிஜமாகவே தனி ஆள்.

செப்டம்பர் கடைசியில் ஸ்டெல்லா அக்கா வந்தார். எங்கள் பகுதி அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பு. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கிற குழு. ஸ்டெல்லா அக்காவைப்பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து நிற்பார். அன்றைக்கு ஏதோ காணிக்கை விஷயமாக வந்தவர், மாமா செபமாலை சொல்வதை வாசலில் நின்று கேட்டுவிட்டார். நேராக மேலே ஏறி என் வீட்டுக்கு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"முன்பாதி சொல்றதுக்கு ஒரு ஆளில்லாம அந்த மனுசன் இப்படி உட்கார்ந்திருக்காரே, நீ மேல இருந்துட்டு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவரு அப்படிச் சொல்றதுதான் அவருக்குப் புடிச்சிருக்குதுக்கா. அது அத்தைக்கு விடற இடம்."

"தனியா உட்கார்ந்து சொல்றது யாருக்குப் புடிக்கும்? நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது. எங்கப்பா கடைசி காலத்துல இப்படித்தான் செவுத்தப் பாத்துட்டு இருந்தாரு."

நான் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவர் பாதிப் படி இறங்கிவிட்டார். அக்டோபர் செபமாலை மாதம். ஒவ்வொரு வருடமும் நாளுக்கு ஒரு வீடாகக் கூடுவார்கள். இந்த வருடம் முழு மாதமும் மாமா வீட்டிலேயே கூடுவது என்று அவர் மனதுக்குள் முடிவாகிவிட்டது. மாமாவிடம் கேட்கவும் செய்தார். அதுதான் வினையாகிவிட்டது.

"இந்த மாசம் பூராவும் உங்க ஊட்டுலயே செபமால வெச்சுக்கலாங்களாண்ணா?"

"வெச்சுக்கலாங்க."

"உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லியே?"

"இல்லீங்க."

அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டேன் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்காக அத்தை சொல்லியிருக்கிறார்.

முதல் தேதி வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து கூடத்தில் மேசை போட்டு, நீல ஜரிகைத் துணி விரித்து வைத்தார்கள். அத்தையின் நாற்காலியில் கோயில் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். தினமும் ஒருவர் முன்பாதி சொல்ல, முப்பது பேர் பின்பாதியைச் சேர்ந்து சொன்னார்கள். பெரும்பாலும் ஸ்டெல்லா அக்காவே சொன்னார். அவர் குரல் நிறுத்தி நிதானமாக, மேடையில் வாசிப்பதுபோல் இருக்கும். "புனித மரியே" என்று எல்லோரும் புதுத் தமிழில் தொடங்கும்போது, நடுவில் ஒரு குரல் மட்டும், "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று போய்க் கடைசியில் அவர்களோடு சேர்ந்துகொள்ளும். முடிந்ததும் சுண்டல், டீ, சில நாள் கேசரி. மாமாவை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள், அவரும் மாற்றி மாற்றிப் பதில் சொன்னார். கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டது. நானும் தினமும் இறங்கிப் போய் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா அக்கா சொன்னதுதான் சரியோ, நான்தான் தேவையில்லாமல் ஏதேதோ நினைத்துவிட்டேனோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன். எனக்கும் அந்தக் கூட்டம் பிடித்துத்தான் இருந்தது.

மாதம் முடிந்தது. நாற்காலிகள் வண்டியில் ஏறின, சொரூபம் கோயிலுக்குத் திரும்பியது. கல்லறைத் திருநாளன்று மாமாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். புல்லைப் பிடுங்கச் சொன்னேன், பிடுங்கினார். மெழுகுவத்தி ஏற்றச் சொன்னேன், ஏற்றினார். அத்தையின் பெயருக்கு மேல் செவ்வந்தி மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஏழு மணிக்கு நான் ஜன்னலருகே போய் நின்றுகொண்டேன்.

"அர்ச்சிஷ்ட மரியாயே" என்று வந்தது. முடித்தார். இடைவெளி. மறுபடியும் ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஆரம்பித்தார், அதையும் நிறுத்தினார். பிறகு ஒன்றுமே இல்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் மாமா நின்றிருந்தார். மாடிக்கு அவர் வந்ததே இல்லை.

"என்ன மாமா?"

"அவ வேகம் புடிபடலீங்க."

"உள்ள வாங்க, உட்காருங்க. என்ன ஆச்சு?"

உட்காரவில்லை. கையில் மாலை இருந்தது. "ஸ்டெல்லாம்மா சொல்றதேதான் காதுல நிக்குதுங்க. அவ சொல்றதுக்கு நேரம் உடலாம்னு பாத்தா, அந்தம்மா நேரம்தான் வருது. எங்க மூச்சு வாங்குவான்னு தெரியல. எல்லாம் தெரிஞ்சுட்டு இருந்துச்சுங்க. போயிருச்சு."

என்னால் என்ன செய்ய முடியும். அத்தை சொல்வதை நானும் இரண்டு வருடம் கேட்டவள்தானே என்று முன்பாதியைச் சொல்லிப் பார்த்தேன். அத்தையைப்போலவே ஓடினேன், வார்த்தையை விழுங்கினேன். என் காதுக்கே அது அத்தை இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பெண். மாமா கடைசிவரை கேட்டார். பின்பாதியைச் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"இப்படித்தானுங்களா?" என்றேன்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் ஏழு மணிக்குக் கீழே விளக்கு எரியும், சத்தம் இருக்காது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார். மருந்து போட்டீர்களா என்றால் போட்டேன் என்பார். செபமாலை சொல்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லீங்க என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஸ்டெல்லா அக்கா ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்தி, "அண்ணன் இப்போ தெம்பா இருக்காரில்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மழை பெய்து ஓய்ந்திருந்தது, கீழேயிருந்து சத்தம் வந்தது. மாமாவின் குரல்தான். ஆனால், "அர்ச்சிஷ்ட மரியாயே" இல்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று முன்பாதி. முதலில் வண்டி கிளம்பாததுபோல் இழுத்தது. இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் வேகம். இன்னொரு தடவை, இன்னும் வேகம். நாலாவது, ஐந்தாவது தடவையில் வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடி, ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் ஓடி முடித்தார். ஆம்பளைக் குரலில் அத்தை சொல்கிறார். அச்சு அசல் அத்தை.

பிடித்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இனி பின்பாதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் அத்தையின் பாதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். பின்பாதி சொல்கிறவர் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் ஆளில்லை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அந்த இடத்தில் வாய் தானாகத் திறக்கும். எனக்கும் திறந்தது. ஜன்னலில் நின்று சொன்னால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் காலியாக இருந்த இடத்தில் நல்ல மனதோடு குரல்கள் புகுந்து என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கீழே மறுபடியும் முன்பாதி, மறுபடியும் அமைதி. கடைசி மணிவரைக்கும் அப்படியே போனது.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பி இறங்கினேன். மாமா குழாயடியில் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். வழக்கமாக நான்தான் ஏதாவது கேட்பேன். அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பேசாமல் தாண்டிப் போனேன்.

"அம்மிணி" என்றார்.

திரும்பினேன். அந்த வீட்டில் குடியிருந்த அத்தனை நாளில் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. குடம் நிறைந்து வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"இத்தன வருசமும் அவதான ஆரம்பிச்சா. நான் சொல்லுவனா, தூங்கிட்டனான்னு அவளுக்கு என்ன தெரியும்? தெரியாமயே தினமும் ஆரம்பிச்சிருக்கறா. நேத்து நான் சொல்லிப் பாத்தனுங்க. சொல்லிட்டு, அந்தப் பக்கம் சத்தம் வருதான்னு உட்கார்ந்திருக்கறது... ரொம்பப் பயமா இருக்குதுங்க அம்மிணி. அவ ஒருநாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மாமா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.